புதுப்பித்து விற்ற வீட்டின் மறைந்த பழுது: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

மறைந்த பழுது என்பது, வீட்டை வாங்குபவர் சுற்றிப் பார்த்தும் கண்டுகொள்ள முடியாத குறையைக் குறிக்கும். காரைக்குள் ஏறிய ஓதம், பொய்க்கூரைக்கு மேலே கறையான் தின்ற உத்தரம், துருவேறிப் பருத்த கம்பி, மூடிய கிணற்றின்மேல் எழுப்பிய அறை முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. பழைய வீட்டைப் புதுப்பித்து விற்கும் வழக்கம் பெருகியபின், விற்பனை முடிந்து சில மாதங்களில் இத்தகைய பழுது வெளிப்படுவதும், வாங்கியவர் விற்றவரிடம் முறையிடுவதும் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் காணப்படுகின்றன. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இந்தச் சிக்கலை மழையும் கட்டுமான முறையும் கூர்மையாக்குகின்றன. பத்திரம் எழுதும் மரபும் அதன்பின் வந்த சட்டங்களும் இம்முறையீட்டை எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாரலும் சுவரும்

தென்காசியும் குற்றாலமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தவை. மலைக்குக் கிழக்கே உள்ள தமிழ்நாட்டு ஊர்களில் பெரும்பாலானவை ஆனி, ஆடி மாதங்களில் வறண்டிருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று அதே மாதங்களில் இவ்வட்டாரத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பெருகுவதும், ‘சீசன்’ என்று ஊரார் சொல்லும் சுற்றுலாப் பருவம் தொடங்குவதும் அப்போதுதான். பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஆக, ஒரு வீட்டின் சுவர் ஆண்டுக்கு இருமுறை நனைகிறது.

சாரல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடும் மழையன்று. காற்றோடு சாய்ந்து, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் சுவரின் மேற்கு முகத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கோடைமழையில் ஒழுகாத வீடும் சாரலில் கசியும். இது வட்டாரத்துக் கொத்தனார் அனைவருக்கும் தெரிந்த செய்தி. வெளியூரிலிருந்து வந்து வீடு வாங்குபவருக்குத் தெரியாது.

வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் வண்ணம் அடிப்பதற்கும் ஏற்ற காலம் மாசி முதல் சித்திரை வரை. பூச்சு காயும், வண்ணம் பிடிக்கும், வேலையாட்களும் கிடைப்பார்கள். சீசனுக்கு முன்பே விற்றுவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வைகாசியில் பார்க்கும் வீடு எப்போதும் அழகாகவே இருக்கும். ஆனியில் சாரல் தொடங்கியதும், புதிய வண்ணத்தின் அடியில் கொப்புளம் எழும்; தரையிலிருந்து இரண்டு அடி, மூன்று அடி உயரத்தில் உப்புப் பூக்கும்; கட்டை பொருத்திய மூலையில் நீர் இறங்கும். விற்றவரின் கைபேசிக்கு முதல் அழைப்பு போவது அந்த மாதத்தில்தான்.

இதற்கான காரணம் கட்டுமானப் பொருள்களின் வரலாற்றில் இருக்கிறது. இவ்வட்டாரத்தின் பழைய வீடுகள் செங்கல், களிமண், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் ஆனவை. கூரை நாட்டு ஓடாகவோ மங்களூர் ஓடாகவோ இருக்கும். வசதியுள்ளவர் வீட்டில், உத்தரங்களின்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டிய மச்சு இருக்கும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால், மலையாள நாட்டுச் சரிவுக் கூரையும் மரவேலையும் இப்பக்க வீடுகளில் கலந்தன. ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு அந்நாளைய அடித்தளங்களில் கிடையாது. நீர் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடுவதைப் போல அதை வெளியே விட்டுவிடும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

சிமெண்ட் இப்பகுதியில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பின்னர். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தன் முதல் ஆலையைத் திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்து, சங்கர் நகரில் 1949-இல் தொடங்கியது. அதன்பின் பழுதுபார்ப்பு என்றாலே சிமெண்ட் என்றாயிற்று. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசி, அதன்மேல் நீர்புகா வண்ணம் அடித்து, அடிப்பகுதியில் பளபளப்பான ஓடு பதித்தால் பார்வைக்குப் புது வீடுதான். உள்ளே ஏறிய நீருக்கு வெளியேற வழி இல்லாததால் அது இன்னும் மேலே ஏறுகிறது. சுவருக்குள் செருகிய உத்தர முனைகளை உளுக்கச் செய்கிறது. இப்படிப் பார்த்தால், புதுப்பித்தல் பல வீடுகளில் பழுதை மறைத்ததோடு நிற்காமல் வளர்த்தும் விட்டது. விற்றவர் ஏமாற்ற நினைத்தாரா, அறியாமல் செய்தாரா என்ற கேள்வி ஒவ்வொரு வழக்கிலும் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்திரம் காத்ததும் காக்காததும்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், அக்கோயிலில் பொறித்துள்ள கல்வெட்டுப் பாடலொன்றில் வியப்பான செய்தியைச் சொல்கிறான். தான் கட்டிய கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை இப்போதே வணங்குவதாக அதில் கூறுகிறான். கட்டியவனே தன் கட்டடம் பழுதாகும் என்று முன்கூட்டி எழுதிவைத்தது அரிது. அவன் எண்ணியபடியே நடந்தது: இராசகோபுரம் பிளவுபட்டு நெடுங்காலம் மொட்டையாக நின்று, 9 நிலைகளுடன் மீண்டும் எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

மன்னன் கோயிலுக்குச் சொன்னதை வீட்டுப் பத்திரங்கள் சொல்லவில்லை. சோழர், பாண்டியர் காலத்து விலையாவணங்களில் விற்பவர் தரும் உறுதி பெரும்பாலும் உரிமை பற்றியது. இதுவே விலையோலை, இதுவே பொருள் செலுத்தியதற்கான ஓலை, இதைத் தவிர வேறு ஓலை காட்டமாட்டோம் என்பது அவற்றின் வாய்பாடு. பிற்காலத்தில் கொல்லம் ஆண்டுக் கணக்கில் தேதியிட்டு எழுதப்பட்ட திருநெல்வேலிச் சீமையின் கிரயச் சீட்டுகளும், இன்று பத்திர எழுத்தர் கணினியில் அடிக்கும் கிரயப் பத்திரங்களும் அந்தத் தடத்திலேயே செல்கின்றன. சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன் என்ற வாசகம் இல்லாத கிரயப் பத்திரத்தைக் காண்பது அரிது. ஆனால் அந்த ‘வில்லங்கம்’ அடமானம், பங்காளி உரிமை, நீதிமன்றப் பற்றுகை போன்றவற்றைக் குறிக்குமே தவிர, ஒழுகும் மச்சைக் குறிக்காது.

பழைய பத்திரங்களில் நிதி, நிட்சேபம், சலம், தரு, பாடாணம் என்று தொடங்கும் எட்டு வகை அனுபோகங்களும் வாங்குபவருக்கே உரியவை என்று எழுதுவார்கள். நிலத்துக்கு அடியில் புதையல் கிடைத்தால் யாருக்கு என்பதைக்கூட மறவாமல் எழுதிய முன்னோர், தலைக்கு மேலே கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதை எழுதாமல் விட்டுவிட்டனர்.

அதை மறதி என்று சொல்லிவிட முடியாது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஊரார்; பெரும்பாலும் ஒரே தெருவினர். எந்த வீட்டில் எந்த மூலை ஒழுகும் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. வீடு விற்பனையை அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அறிவிக்க வேண்டும் என்று அர்த்தசாத்திரமும் விதிக்கிறது. அதன் முதன்மை நோக்கம் எல்லையும் முன்னுரிமையும்தான் என்றாலும், அண்டை வீட்டார் கூடியிருக்கும் இடத்தில் பழுதை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றதுதான். அதே நூல், வாங்கிய பண்டத்தைத் திருப்பித் தருவதற்கு வணிகருக்கு ஓர் இரவும், உழவருக்கு மூன்று இரவும், ஆயருக்கு ஐந்து இரவும் கெடு கொடுக்கிறது. ஓதம் இத்தனை விரைவில் தலைகாட்டுவதில்லை.

ஊரார் அறிவு என்ற இந்தக் காவல், வெளியூரார் வாங்கத் தொடங்கியதும் தளர்ந்தது. குற்றாலத்தில் இது முன்னதாகவே நிகழ்ந்தது எனலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் சாரல் காலத்தைக் கழிக்க இங்கே பங்களாக்களில் தங்கினர். ஜமீன் குடும்பங்களும் கட்டின. 1904-இல் கொல்லம்–செங்கோட்டை ரயில்பாதை திறந்தபின் இப்பகுதி இருபுறமும் எளிதாக எட்டக்கூடியதாயிற்று. இன்று குற்றாலத்தில் வீடு வாங்குபவர்களில் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ வேலைபார்ப்பவர்களும், சீசனில் வாடகைக்கு விட நினைப்பவர்களும் உண்டு. ஓரிரு நாள் விடுப்பில் வந்து, வெயிலில் வீட்டைப் பார்த்து, அச்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெருவார் சொல்லிவைக்க வாய்ப்பே இல்லை.

1882-ஆம் ஆண்டின் ஒரு வாக்கியம்

வீட்டின் உடல் பழுதைப் பற்றி இந்தியாவில் எழுத்தில் வந்த முதன்மையான விதி, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவில் உள்ளது. 1882 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தொடக்கத்திலிருந்தே பொருந்தியது. அப்பிரிவின் முதல் உட்கூறு, சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அக்குறை மூன்று தன்மைகள் கொண்டதாக இருக்க வேண்டும். விற்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். வாங்குபவர் அறிந்திருக்கக் கூடாது. சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். இவ்வாறு தெரிவிக்காமல் விடுவது மோசடியாகும் என்றும் அப்பிரிவின் இறுதியில் கூறப்பட்டுள்ளது.

இதில் ‘சொத்திலோ’ என்ற சொல்லின் அருமையை உணர அக்கால ஆங்கிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். வாங்குபவனே விழித்திருக்க வேண்டும் என்பதே அங்கே பொதுவிதி. உரிமையில் மறைந்திருக்கும் குறையைச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு; கட்டடத்தின் பழுதைத் தானாக முன்வந்து சொல்லும் கடமை கிடையாது. 1851-இல் இலண்டனில் தீர்ப்பான ஒரு வழக்கில், வாடகைக்கு விட்ட வீடு இடிந்துவிழும் நிலையில் இருப்பதை உரிமையாளர் அறிந்திருந்தும் சொல்லவில்லை. அது தவறாகாது என்று நீதிமன்றம் கருதியது. இந்தியாவுக்குச் சட்டம் எழுதிய ஆங்கிலேயர் தம் நாட்டில் இல்லாத கடமையை இங்கே விற்பவர்மேல் சுமத்தினர் என்பது கவனிக்கத்தக்கது.

உரோமானியர் இதில் இன்னும் முந்தியவர்கள். கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ என்ற நூலில் சிசெரோ ஒரு கேள்வியை எழுப்புகிறார். ஒருவர் தம் வீட்டை விற்கிறார். அதன் அறைகளில் பாம்பு வருவதும் மரவேலை மோசமாக இருப்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் நல்ல விலைக்கு விற்றால் அது நேர்மையா? அதே நூலில் உண்மையான வழக்கொன்றும் வருகிறது. உரோமில் ஒரு வீட்டின் உயரமான பகுதி குறிசொல்லும் அதிகாரிகளின் பார்வையை மறைத்ததால், அதை இடிக்கும்படி உத்தரவு வந்தது. உரிமையாளர் அதைச் சொல்லாமலே வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவருக்கும் அதே உத்தரவு வந்தபோது அவர் வழக்குத் தொடுத்தார். அறிந்ததைச் சொல்லாமல் விற்றவர் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று நீதிபதி காட்டோ தீர்ப்பளித்தார். அங்கிருந்து வளர்ந்த உரோமானிய மரபு, டச்சுக்காரர் வழியாக இலங்கைக்கு வந்தது.

அதனால் யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கும் தமிழருக்கும் தென்காசியில் வாங்கும் தமிழருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இலங்கையில் நிலம், வீடு விற்பனைக்கு உரோம-டச்சுச் சட்டம் பொருந்துகிறது. அதன்படி மறைந்த பழுதுக்கு விற்பவர் பொறுப்பாவார். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வாங்கியவர் விலையைக் குறைக்கக் கோரலாம். பழுது பெரிதாயின் விற்பனையையே திருப்பலாம். இருந்த நிலையிலேயே விற்கிறேன் என்று விற்பவர் எழுதிக்கொண்டு தப்பலாம். ஆனால் தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வாசகமும் உதவாது. தென்காசியில் விற்றவருக்குப் பழுது தெரிந்திருந்தது என்பதை வாங்கியவர் நிறுவ வேண்டும். பிறர் மனத்தில் இருந்ததை மெய்ப்பிப்பது எளிய வேலையன்று. இவ்வழக்குகள் தோற்பதானால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கும்.

ஆனால் புதுப்பித்த வீட்டில் நிலைமை சற்று மாறுகிறது. பாட்டன் கட்டிய வீட்டை அப்படியே விற்பவர், சுவருக்குள் என்ன இருந்தது என்று தமக்குத் தெரியாது எனலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசியவர் அப்படிச் சொல்வது கடினம். பழைய பூச்சை உதிர்த்தபோது உள்ளே நனைந்திருந்ததா, உத்தரத்தின் முனை உளுத்திருந்ததா, தளத்தின் கம்பி வெளியே தெரிந்ததா என்பதை அவருடைய கொத்தனாரும் தச்சரும் கண்டிருப்பார்கள். நீர்க்கசிவைத் தடுக்கும் வேதிப்பொருள் வாங்கிய ரசீதே, கசிவு இருந்ததை விற்றவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகிவிடும். வீட்டின் விலையை உயர்த்திய அதே வேலை, விற்றவரின் அறிவுக்கும் சாட்சியாகிறது. வாங்கியவர் தரப்பில் கொத்தனாரைச் சாட்சியாக அழைப்பது இதனால்தான். அவர் வர விரும்பமாட்டார். நாளை வேலை கொடுக்கப்போவது விற்றவரைப் போன்றவர்கள்தாம்.

மூன்றாவது தன்மையான ‘சாதாரண கவனம்’ விற்றவர் தரப்புக்கு ஆயுதம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், மௌனத்தால் நேர்ந்த மோசடி என்றாலும், சாதாரண முயற்சியால் உண்மையை அறிய வாய்ப்பிருந்தவர் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்கிறது. சுவரில் மஞ்சள் கறை தெரிந்தும் கேளாமல் வாங்கியவர் பின்னர் முறையிட முடியாது. வண்ணம் அடித்து ஒரு மாதமே ஆன சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டுமா, பொய்க்கூரையைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டுமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அதனதன் நிலைகொண்டே நீதிமன்றம் முடிவுசெய்யும். மேலும், 55-ஆவது பிரிவு மாறான உடன்பாடு இல்லாதபோதுதான் பொருந்தும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் பத்திரத்தில் இருந்தால் விற்றவரின் கை ஓங்கும். தெரிந்து மறைத்ததை மட்டும் அவ்வாசகத்தால் மூட முடியாது.

கெடு பற்றிய விதி வாங்கியவருக்கு ஓரளவு சாதகமானது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பத்திரத்தையோ ஒப்பந்தத்தையோ முறிக்கக் கோரும் வழக்குக்கு 3 ஆண்டு. மோசடியாக இருப்பின், அது தெரியவந்த நாளிலிருந்தோ முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ கணக்குத் தொடங்கும். வைகாசியில் வாங்கி ஆனியில் கசிவைக் கண்டவர், அடுத்த சீசனிலும் பார்ப்போம் என்று காத்திருந்தால் கணக்கு ஆனியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

நுகர்வோர் சட்டத்தின் வாசலில்

உரிமையியல் நீதிமன்றம் நீண்ட பாதை. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, வீட்டுப் பழுதையும் அங்கே கொண்டுபோகலாமா என்ற கேள்வி எழுந்தது. 1993-இல் சட்டம் திருத்தப்பட்டு, வீடு கட்டித் தருவதும் ‘சேவை’ என்ற வரையறைக்குள் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று, லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில், வீடு கட்டித் தருபவர் அரசு அமைப்பாக இருந்தாலும் குறைபாட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு வாங்குவோருக்கு அது பெரிய திருப்பம்.

ஆனால் அந்த வாசல் எல்லார்க்கும் திறக்கவில்லை. கட்டித் தருவது சேவை. ஏற்கெனவே உள்ளதை வெறுமனே விற்பது சேவையன்று. சண்டிகர் நிர்வாகம் தொடர்பான 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், உள்ள நிலையில் ஏலம் விட்ட மனையை எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒருவர் தாம் குடியிருந்த வீட்டைப் பழுதுபார்த்து விற்றால் அவரைச் சேவை வழங்குநர் என்பது கடினம். பழைய வீடுகளை வாங்கி, புதுப்பித்து, விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர், வாங்குபவரோடு பேசி அவர் கேட்டபடி மாற்றிக் கட்டித் தந்திருந்தால் வாதத்துக்கு இடமுண்டு. குற்றாலத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பெற்றவர் நுகர்வோர் அல்லர். தம் பிழைப்புக்காகத் தாமே நடத்தும் சுயதொழில் மட்டும் விதிவிலக்கு. சீசனில் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய வீட்டில் சீசன் மாதங்களிலேயே கசிவு கண்டு நட்டப்பட்டவரிடம், எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. முறையீட்டாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்ற அதன் விதி, வெளியூரில் வாழும் வாங்குநருக்கு நன்மை. செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம் என 2021 டிசம்பரில் வரம்பு மாற்றப்பட்டது. முறையீட்டுக்குக் கெடு 2 ஆண்டு.

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், ‘ரெரா’, கட்டடத்தின் உடல் பழுதைத் தெளிவாகப் பேசுகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்தால், கட்டுநர் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். பழுது கட்டுநருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வியே அங்கு எழாது. பாபிலோனிய மன்னன் அம்முராபி, சுவர் சாயுமானால் கட்டியவன் தன் பொருளில் அதைச் செப்பனிட வேண்டும் என்று வகுத்த விதிக்குப் பிறகு இவ்வளவு நேரடியான சொற்களைக் காண்பது அரிது எனலாம். எனினும், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையும் 8 குடியிருப்புகளுக்கு மேற்படாத திட்டமும் பதிவு செய்ய வேண்டியதில்லை. தென்காசித் தெருவில் உள்ள ஒற்றை வீட்டின் மறுவிற்பனை இச்சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஆகவே 140 ஆண்டுகளுக்கு முந்திய அந்த 55-ஆவது பிரிவே அதற்கு இன்றும் முதன்மையான துணை.

முறையீடு நடக்கும் விதம்

நீதிமன்றம் வரை போகும் முறையீடுகள் சிலவே. வாங்கியவர் முதலில் தரகரை அழைப்பார். தரகர் விற்றவரை அழைப்பார். புதுப்பித்த கொத்தனாரே மீண்டும் வந்து ஒரு கை பூசிவிட்டுப் போவதும் உண்டு. கசிவின் மூலத்தைப் பாராமல் மேலே பூசுவது அடுத்த சாரலுக்குத் தவணை வாங்குவதுதான். அது நிற்காதபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் அமர்ந்து, செலவை இருவரும் பகிர்ந்துகொள்ளும்படி பேசி முடிப்பார். சட்டத்தின் கண்ணில் இது அரைகுறைத் தீர்வாகத் தோன்றலாம். ஆனால் விற்பனையை முறிப்பதால் வரும் நட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் நியாயம் விளங்கும்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு; பதிவுக் கட்டணம் 2023 முதல் 2 விழுக்காடு. விற்பனையை இருவரும் இசைந்து திருப்ப நினைத்து மறுகிரயம் எழுதினால் அந்தச் செலவை மீண்டும் செய்ய வேண்டும். இதைவிடக் கொடிய சிக்கல் ஒன்று உண்டு. அரசு வழிகாட்டி மதிப்பை ஒட்டிக் குறைந்த தொகையைப் பத்திரத்தில் காட்டி, மீதியைக் கையில் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அப்படி வாங்கியவர், பழுதுக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில், பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மட்டுமே கணக்குக் காட்ட முடியும். தீர்வையில் மிச்சம் பிடித்தது, வீட்டு விலையின் பெரும்பகுதியை நிரூபிக்க முடியாமல் ஆக்கிவிடுகிறது. 20 ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கியவர் வாயடைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

பேச்சு முறிந்தால் வழக்கறிஞர் அறிவிப்பு பதிவு அஞ்சலில் போகும். பழுது எப்போது, எங்கே தெரிந்தது, சரிசெய்ய என்ன செலவு, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பன அதில் இருக்கும். விற்றவர் தரப்பில் அறிவிப்புக்குப் பதில் தராமல் இருப்பது பலரும் செய்யும் தவறு. வந்து பார்க்கிறேன், என் பொறியாளரையும் அழைத்து வருகிறேன் என்று எழுத்தில் பதில் தருபவருக்கு, பழுதின் அளவைக் குறித்து வாதிடவாவது இடம் கிடைக்கும். விற்பதற்கு முன்பே புதுப்பித்த வேலைகளைப் பட்டியலிட்டு, மேற்குச் சுவரில் ஓதம் இருந்தது, இன்ன முறையில் சரிசெய்தோம் என்று வாங்குபவரின் கையொப்பம் பெற்றுவைப்பவர் மேல் 55-ஆவது பிரிவு பாய்வதில்லை. வாங்குபவருக்கு அப்போது ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லை. இதனால் விலையில் சிறிது குறையலாம். அதை அஞ்சியே பெரும்பாலோர் எழுதிக் கொடுப்பதில்லை.

வழக்கு வந்தால் பழுதை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆவது கட்டளை இதற்கு வழிசெய்கிறது. ஆணையர் பொறியாளரைத் துணைக்கு அழைத்துக்கொள்வார். இங்கேயும் பருவம் குறுக்கிடுகிறது. ஆனியில் ஒழுகிய வீட்டுக்கு ஆணையர் மாசியில் வந்தால் சுவர் காய்ந்திருக்கும்; விற்றவர் தரப்பு அதையே சுட்டிக்காட்டும். ஆகவே ஆணையரை நியமிக்கக் கோரும் மனுவை, சாரல் முடிவதற்குள் பார்வையிட வேண்டும் என்ற வேண்டுகோளுடன் வழக்கோடு சேர்த்தே போடுவது நல்லது. அதுவரை வாங்கியவர் சுவரைக் கொத்தித் திருத்திவிடக் கூடாது; திருத்தியே ஆக வேண்டுமென்றால் படம் எடுத்து, தேதியிட்டு, உதிர்த்த பூச்சில் ஒரு பகுதியை எடுத்துவைக்க வேண்டும். காலம் தவறிப்போனாலும் சுவரில் உவர் பூத்த கோடு எளிதில் மறைவதில்லை. தரையிலிருந்து அதன் உயரத்தை அறை அறையாக அளந்து, வரைபடத்தில் குறித்து, அறிக்கையோடு இணைக்கலாம்.